ரூபேந்திரனின் சாக்ஸபோனும் ஜெயபாலனின் வண்டியும்

மகளின் நிச்சயதார்த்தத்தில் அப்பா சாக்ஸபோன் வாசித்தார், அதைக் கேட்டு சம்பந்தியம்மா எழுந்து ஓடிவிட்டார் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாய் கோயில் மண்டபத்தில் அன்றைக்கு நடந்தது அதுதான். பிரேமளா அம்மையார், மாப்பிள்ளையின் தாய், அறுபத்திரண்டு வயது, காலில் செருப்புகூட இல்லாமல் பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்கே போய்விட்டார். அவர் பின்னால் இரண்டு பெண்கள் ஓடினார்கள். அந்தப் பெண்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை சிறீகாந்தன். மேடையில் வாத்தியத்தை வாயில் வைத்தபடியே ரூபேந்திரன் நின்றார்.

அவர் ஆரம்பித்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் நிமிடத்தில் சாப்பாட்டுப் பக்கம் கேட்ட கரண்டிச் சத்தம் நின்றது. ஆகா, இத்தனை வருஷம் கழித்து நம் சனத்துக்கு சங்கீதம் பிடிபட்டுவிட்டதே என்று அந்த அப்பாவி மனிதர் உள்ளுக்குள் பூரித்துப்போனார். இரண்டாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று கையைக் கூப்பினார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பொந்தியானிலிருந்து வந்திருந்த வெள்ளையம்மா, ரூபேந்திரனின் மனைவிக்குத் தூரத்துச் சித்தி முறை, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, "ஐயோ என் ராசா!" என்று தேம்ப ஆரம்பித்தார். இதென்ன கூத்து என்று ரூபேந்திரன் திகைத்து நிற்கும்போதுதான் சம்பந்தியம்மாவின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அதற்குப் பிறகு வாசிக்க ஏது மூச்சு? கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த பின்னணி இசையை அவருடைய மனைவி தனலெட்சுமிதான் ஓடிப்போய் நிறுத்தினாள். நிச்சயத் தாம்பூலத் தட்டு ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், ஆனால் யாரும் ரூபேந்திரனின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. விடைபெற்றுப் போனவர்களில் பாதிப் பேர் "போயிட்டு வரோம்" என்றுகூடச் சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். அது ரூபேந்திரனுக்குத் தெரியும், தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை.

அவருக்குத் தோன்றியது வேறு. பிரேமளா குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழி, மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். நாம் தோட்டக்கூலிகள் வழி வந்தவர்கள். "என்ன இருந்தாலும் தோட்டத்து ஆளுங்கன்னு நெனச்சிட்டாங்க தனம். அப்பன்காரன் மேடையேறி ஊதுறது அவங்களுக்குக் கௌரவக் கொறச்சல்" என்று காரில் வரும்போது புலம்பிக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் மகள் தேன்மொழி நிச்சய மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கும் அதிர்ச்சிதான்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்ட அடியின் கனம் தெரியாது.

ரூபேந்திரன் பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். குளுவாங் பள்ளிக்கூடத்து பேண்டு குழுவில் சேர்ந்தபோது நல்ல வாத்தியங்களையெல்லாம் பெரிய பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தது பச்சை பிடித்த ஒரு சாக்ஸபோன், அது இவர் தலையில் விழுந்தது. இருபது வயதில் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு இசைத்தட்டுக் கடையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு சும்மா கேட்டுப் பார்க்கலாம். அப்படி ஒருநாள் ஒரு ஆல்பத்தைக் கேட்டார். சாக்ஸபோனில் சுத்தமான கர்நாடக ராகம், ஆனால் பின்னால் மிருதங்கத்தோடு பியானோவும் ஜாஸ் டிரம்ஸும் சேர்ந்து போகின்றன. ஒன்றை ஒன்று இடிக்கவும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று அடங்கவும் இல்லை. தலையில் ஓங்கி ஒரு குட்டு வாங்கிய மாதிரி இருந்தது. கடைக்காரச் சீனர் வந்து தோளைத் தட்டும்வரை அங்கேயே நின்றார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. ஜாஸோடு கலந்தது, அரபு மேளத்தோடு கலந்தது, பிரேசில்காரன் கிதாரோடு கலந்தது என்று அந்த வகை ஆல்பங்களை எங்கே கண்டாலும் வாங்கிவந்தார். புடவை வைக்க வேண்டிய அலமாரியில் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறாரே என்று தனலெட்சுமி இன்னும் திட்டுகிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு செனாய் தொழிற்சாலை ஒன்றில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை, வார இறுதியில் கல்யாண வாசிப்பு. இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் தேன்மொழிக்கு ஆறு வயதாகும்போது டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஜொகூர் பாரு மருத்துவமனையில் ஒன்பது நாள். இரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஏழாம் நாள் மருத்துவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அந்த நாட்களில் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இவர் ஒரு சுபபந்துவராளியை வாசித்தார். வாசித்தார் என்ன, அழுதார். ஒன்பதாம் நாள் காலை அணுக்கள் ஏறின. பிள்ளை எழுந்து உட்கார்ந்து குடிக்க மைலோ கேட்டாள். ரூபேந்திரன் காருக்கு ஓடிப்போய் அதே வாசிப்பை மோகனத்துக்குத் திருப்பி ஆட்டம்போட வைத்துவிட்டார். "உன் கல்யாணத்தன்னிக்கு இத வாசிச்சுதான் உன்ன மேடைக்குக் கூப்பிடுவேன்" என்று பிள்ளையின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். பிள்ளைக்கு அப்போது புரிந்தது மைலோ மட்டும்தான்.

ஐந்து வருஷம் கழித்து அந்த வாசிப்பை ஆல்பமாக்கினார். லிம் என்ற நண்பர் பியானோ, ஹம்சா டிரம்ஸ், வசந்தன் மிருதங்கம். தோட்டத்து எண்ணெய்ப்பனைகளின் நினைவில் 'செம்பனைக் காற்று' என்று பெயர் வைத்தார்கள். அதில் நான்காவது உருப்படி 'தேன்மொழிக்கு', பதினோரு நிமிடம். ஆயிரம் தட்டு அடித்து எண்பதுகூடப் போகவில்லை, அதிலும் சொந்தக்காரர்கள் சும்மா வாங்கிப் போனதுதான் அதிகம். பெட்டி பெட்டியாக வீட்டில் கிடந்ததில் இரண்டு பெட்டியைப் பள்ளித்தோழர் ஜெயபாலன் எடுத்துப் போனார். "வண்டியில வச்சுக்கிறேன் ரூபன், கேக்கிறவங்களுக்குக் குடுக்கிறேன்" என்றார். அப்போது ஜெயபாலன் ஓட்டியது பள்ளிக்கூட வேன்.

இனி நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளுக்கு வருவோம். காலையில் சிறீகாந்தன் தேன்மொழியை அழைத்தான். இரண்டு பேரும் தினமும் சிங்கப்பூருக்குப் போகும் ஒரே பேருந்தில் பழகி, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தவர்கள், எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. அம்மாவுக்குக் கல்யாணத்தில் எந்த ஆட்சேபமும் இல்லை, ஆனால் சாக்ஸபோன் மட்டும் கூடாது என்கிறார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்காமல் அழுகிறார்.

"அப்பா வாசிக்கலன்னா நான் மண்டபத்துக்குள்ளயே வரமாட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்று தேன்மொழி கைபேசியைக் கட்டிலில் எறிந்தாள்.

"அலமாக்! இது என்னம்மா பேச்சு?" என்று ரூபேந்திரன் பதறினார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. இருவது வருஷமா சொல்லிச் சொல்லி வளத்தீங்க. இப்ப யாரோ வேணாம்னா விட்டுறதா?"

வாசித்தால் சம்பந்தியம்மா வரமாட்டார், வாசிக்காவிட்டால் பெண்ணே வரமாட்டாள். முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வெள்ளையம்மாவின் அழைப்பு வந்தது. தனலெட்சுமி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏன்டி தனம், உன் வூட்டுக்காரருக்கு என்னா புத்தி பெரண்டு போச்சா? நல்ல காரியத்துல போயி பொண வண்டிப் பாட்ட ஊதுறாரு!"

"என்னா பாட்டு சித்தி?"

"பொண வண்டிப் பாட்டு! எங்க வூட்டுல அவரத் தூக்கிட்டுப் போனப்ப வண்டியில அதத்தான போட்டாங்க. இங்க பொந்தியான்ல எந்தச் சாவுக்கும் அதான். ஊரு ஒலகத்துக்கே தெரியும், உன் புருசனுக்குத் தெரியாதா?"

தனலெட்சுமி கையிலிருந்த தேநீர்க் குவளை தரையில் விழுந்து நொறுங்கியது. ரூபேந்திரனுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஏறியது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அழுது வாசித்தது. பிழைத்துவிட்டாள் என்று குதித்து வாசித்தது. அதைப் போட்டா பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

"எம் பிள்ளைக்குப் போட்ட பாட்டுங்க" என்றாள் தனலெட்சுமி. "எம் பிள்ளை பேரு அதுல இருக்குங்க." நேராகப் போய் சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயபாலன் பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு ஈமச்சடங்கு சேவை ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கூலாயில் யார் வீட்டில் இழவு என்றாலும் அவருடைய வெள்ளை வண்டிதான் வந்து நிற்கும். ரூபேந்திரன் காரை அவர் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஜெயபாலன் ஊதுவத்திக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர், நண்பரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயம் தெரிந்துபோயிற்று என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"எத்தன வருசமாடா?"

"ரூபன், மொதல்ல உக்காரு."

"எத்தன வருசமாடா போடுற?"

"பத்துப் பதினொரு வருசம் இருக்கும்" என்று ஜெயபாலன் தரையைப் பார்த்தார். "மொத மொதல்ல சும்மாதான் போட்டேன். அன்னிக்குத் தேவாரத் தட்டு சிக்கிக்கிச்சு. வண்டிக்குள்ள உன் தட்டுதான் இருந்துச்சு, அதத் தள்ளி வுட்டேன். அந்த வூட்டு ஆளுங்க கையப் புடிச்சிக்கிட்டாங்க லா! எங்கப்பாவுக்கே போட்ட மாதிரி இருந்திச்சுண்ணே, இதயே போடுங்கண்ணே அப்படின்னாங்க. அடுத்த வூட்டுலயும் கேட்டாங்க. அப்புறம் கேக்காத வூடே இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா ஒனக்கு?"

"எப்பிடிடா சொல்றது? உன் பாட்டுக்குப் பொணந்தான் கெடச்சுச்சுன்னு சொல்லவா? நீ வர்ற வூடா இருந்தா சிவபுராணந்தான் போடுவேன். கூட்டத்துல உன் தலையப் பாத்தா ஒடனே மாத்திருவேன். ஒரு தடவ ஓடுற வண்டியில மாத்தப் போயி சாக்கடையில வுடப் பாத்தேன், தெரியுமா?"

ரூபேந்திரனுக்கு அவரை அறையலாமா, உட்கார்ந்து அழலாமா என்று இருந்தது. கேள்விகளாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலும் ஓர் அடியாக விழுந்தது. ஜெயபாலனைப் பார்த்து பொந்தியான் வண்டிக்காரர் பிரதி எடுத்தார், அவரைப் பார்த்து குளுவாங்கில் இரண்டு பேர் எடுத்தார்கள். எல்லா வண்டிக்குள்ளும் ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்களாம். அந்தப் படத்தை நினைத்ததும் ரூபேந்திரனுக்குப் பக்கென்றது. கோயிலில் அவரைக் கௌரவித்த அன்று எடுத்தது அது. கழுத்தில் பெரிய சாமந்தி மாலை, நெற்றியில் விபூதி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அட்டை வடிவமைத்த சீனப் பிள்ளைக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? அழகாக இருக்கட்டும் என்று படத்தைச் சுற்றி ஒரு பொன்னிறச் சட்டம் போட்டு, கீழே ஒரு குத்துவிளக்கையும் வைத்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், ஆளே பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

"படத்தப் பாத்துட்டு, பாவம் இந்த மனுசன், எப்ப போனாருன்னு கேப்பாங்க" என்று ஜெயபாலன் மெல்ல இழுத்தார்.

"நீ என்னா சொல்லுவ?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தலய மட்டும் ஆட்டுவேன்."

அப்படியானால் பத்து வருஷமாக ஜொகூரில் பாதிப் பேருக்கு ரூபேந்திரன் செத்துப்போனவர்! கல்யாண வாசிப்புகள் வருஷா வருஷம் குறைந்து கடைசியில் நின்றே போனதற்கு உறுமி மேளத்தையும் டிஜேக்களையும் அவர் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பாவம், ஒன்றும் செய்யவில்லை. சாவு வண்டியில் கேட்ட சத்தத்தை யார் மணவறைக்குக் கூப்பிடுவார்கள்?

"அது சந்தோசப் பாட்டுடா, பாவி!" என்று ரூபேந்திரன் கத்தினார். "பின்பாதியக் கேட்டியா இல்லியா? மோகனத்துல எப்பிடி ஏறுது! அதக் கேட்டுமா பொணத்துக்குப் போடத் தோணிச்சு ஒனக்கு?"

"பின்பாதிய நான் போடுறதே இல்லியே. மூணர நிமிசத்துல வெட்டிட்டேன். அதத்தான் திருப்பித் திருப்பி ஓட வுடுவேன். பின்னால டிரம்ஸெல்லாம் வந்து குதிக்குது, பொணத்த வச்சிக்கிட்டு நாங்க என்னா ஆடவா முடியும்?"

ரூபேந்திரன் அங்கிருந்த ஒரு சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எதன்மேல் உட்கார்ந்தோம் என்பதே அவருக்கு வெகுநேரம் தெரியவில்லை.

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் முடிவெடுத்தார். கல்யாணத்தில் வாசிப்பதில்லை. மகளை எப்படியாவது சமாதானப்படுத்திக்கொள்ளலாம். சம்பந்தியம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். தனலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு குளுவாங்குக்குப் போனார். சாக்ஸபோன் வழக்கம்போல் காரின் பின்பெட்டியில் கிடந்தது.

பிரேமளா அம்மையார் கதவைத் திறந்தபோது அவர் முகமும் தூங்காத முகமாகத்தான் இருந்தது. கூடத்தில் அவருடைய கணவர் தம்பிராஜாவின் படம், முன்னால் விளக்கு. நில அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், போய் மூன்று வருஷம். சிறீகாந்தன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு ஓரமாக நின்றான்.

"சம்பந்தி, எனக்கு சத்தியமாத் தெரியாது" என்று ரூபேந்திரன் நேராக விஷயத்துக்கு வந்தார். "மூணு நாளைக்கு முன்னாலதான் தெரியும். மன்னிச்சிருங்க. நான் வாசிக்கல. மககிட்ட நான் பேசிக்கிறேன்."

பிரேமளா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டதே எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்" என்றார். "கலியாணப் பேச்சுக்கால் பேச வந்தபோது உங்களை எங்கேயோ பார்த்த முகம் எண்டு நினைச்சனான். பிடிபடேல்லை. அண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிச்சீங்களே, அப்பதான் வண்டிக்குள்ள இருந்த படம் நினைவுக்கு வந்தது. செத்த மனுசன் என்ர மகன்ர நிச்சயத்தில வந்து நிண்டு வாசிக்குது! எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்கோ?"

தனலெட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரேமளா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவரை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில இருந்து கொண்டுவந்த அண்டைக்கு நெடுஞ்சாலையில லொறி கவிண்டு கிடந்தது. ஒண்டரை மணித்தியாலம் வண்டி அசையேல்லை. மகன் பின்னால காரில. வண்டிக்குள்ள நானும் அவரும் அந்தப் பாட்டும். இருபத்தாறு தரம் ஓடினது. வேற என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நான் எண்ணிக்கொண்டு வந்தனான். மின்சாரச் சுடலை வாசலில வண்டி நிண்ட உடனே அந்த மனுசன் டப்பெண்டு நிப்பாட்டினார். இப்பவும் காதுக்குள்ள வரும். அதே இடத்தில நிக்கும். திரும்ப முதல்ல இருந்து வரும். மூண்டு வருசமா இந்த வீட்டில ரேடியோ போட்டதில்லை."

பிரேமளா கணவரின் படத்தைப் பார்த்துவிட்டு ரூபேந்திரன் பக்கம் திரும்பினார்.

"ஒண்டு கேக்கவோ? அது அவ்வளவுதானோ?"

"எது சம்பந்தி?"

"அந்தப் பாட்டு. ஒரே இடத்தில சுத்திக்கொண்டே நிக்குமோ? இல்லை, எங்கேயாவது போய் முடியுமோ?"

"அவன் வெட்டிட்டான் சம்பந்தி!" தனலெட்சுமிதான் முந்திக்கொண்டாள். "பதினோரு நிமிசப் பாட்டு அது. அந்தப் படுபாவி மூணர நிமிசத்தோட வெட்டிட்டான். எம் மக ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவரு போட்ட பாட்டு. பொழச்சு வந்துட்டா, அதுதான் பின்னால வருது."

பிரேமளாவின் முகம் மாறியது. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாத்தியம் கொண்டு வந்தனீங்களோ? போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"அம்மா, வேணாம்மா" என்றான் சிறீகாந்தன்.

"நீ சும்மா இரு."

ரூபேந்திரன் காருக்குப் போய் வாத்தியத்தை எடுத்துவந்தார். எத்தனையோ மேடை ஏறியவர், ஆனால் இப்படிப் பயந்ததில்லை. கைபேசியில் பின்னணி இசையைத் தட்டிவிட்டார். லிம்மின் பியானோ ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விழுந்தது. சுபபந்துவராளி ஆரம்பித்தது. பிரேமளா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிறீகாந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. அந்த மூன்றரை நிமிட இடம் வந்தபோது பிரேமளா கண்ணை இறுக மூடி, யாரோ அடிக்கப் போகிறார்கள் என்பதைப்போலத் தோளைக் குறுக்கினார். நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து வரும் என்று அவர் உடம்புக்குப் பழகியிருந்தது.

நிற்கவில்லை. வாசிப்பு அந்த இடத்தைத் தாண்டியது. இன்னும் கீழே இறங்கியது, ஒரே ஒரு சுரத்தில் நெடுநேரம் நின்றது. பிறகு வசந்தனின் மிருதங்கம் கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டியது. மோகனம் எட்டிப் பார்த்தது. ஹம்சாவின் டிரம்ஸ் கூடச் சேர்ந்தது, பியானோ துள்ளியது, ரூபேந்திரனின் கன்னம் உப்பி முகம் சிவந்து உடம்பே ஆட ஆரம்பித்துவிட்டது. பிரேமளா கண்ணைத் திறந்தார். வாயும் திறந்துவிட்டது. அவர் மகனைப் பார்த்தார், கணவரின் படத்தைப் பார்த்தார், ரூபேந்திரனைப் பார்த்தார். கடைசி வீச்சில் சாக்ஸபோன் மேலே போய் நின்றபோது அந்த வீட்டுக் கூடமே அதிர்ந்தது.

"இது சந்தோசப் பாட்டெல்லோ!" என்றார் பிரேமளா. அடுத்த கணம் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "இவ்வளவையும் வச்சுக்கொண்டோ என்னை மூண்டு வருசம் அந்த வாசலிலேயே நிக்க வச்சவர்? ஆர் அந்த மனுசன்? கூப்பிடுங்கோ அவரை!" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதார், நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. ஜெயபாலன் அங்கே இருந்திருந்தால் அவருடைய வண்டியிலேயே அவரை ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

அழுது ஓய்ந்ததும் ரூபேந்திரன் மெதுவாகச் சொன்னார். "அப்ப கல்யாணத்துல பின்பாதிய மட்டும் வாசிச்சிர்றேன் சம்பந்தி. முன்பாதி வேணாம். சனங்க தாங்காது."

"பாதி வாசிக்கிற வேலையே வேண்டாம்" என்று பிரேமளா வெட்டினார். "பாதியைக் கேட்டுத்தான் நான் இந்தப் பாடு பட்டனான். வாசிச்சால் முழுக்க வாசியுங்கோ."

அந்தக் கூடத்தில் நான்கு பேருக்குள் பேசி முடித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு வரப்போகிற நானூறு பேருக்கு யார் சொல்வது? அது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து வாரமும் பத்திரிகை கொடுப்பதிலும் புடவை எடுப்பதிலும் ஓடிப்போயிற்று.

முகூர்த்த நாள் காலை, மணவறையில் சிறீகாந்தன் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் பிரேமளா. பெண்ணை அழைத்துவரச் சொல்லி குருக்கள் ஒலிவாங்கியில் குரல் கொடுத்தார். மண்டபக் கதவு திறந்தது. தேன்மொழி அரக்குப் பட்டில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். மேடையின் ஓரத்தில் லிம், வசந்தன், ஹம்சா மூவரும் வந்திருந்தார்கள். ரூபேந்திரன் வாத்தியத்தை உதட்டில் வைத்தார்.

முதல் வரி முடிவதற்குள் நானூறு முகங்களும் இருண்டுவிட்டன. அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அந்த வண்டிக்குப் பின்னால் நடந்தவர்கள், அப்பனுக்கு, அண்ணனுக்கு, பெண்டாட்டிக்கு. வெள்ளையம்மா "முருகா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். நடுவரிசையில் ஒருவர் எழுந்து கைகூப்பினார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. யாரோ, "கல்யாண வூட்டுல என்னாங்க இது அநியாயம்!" என்று சத்தமாகவே சொன்னார்கள். வாசலில் தேன்மொழி எடுத்த காலைப் பின்னால் வைத்தாள். ரூபேந்திரன் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தார். மூச்சு உடைந்தது. ஒரு சுரம் பிசிறியது. என் பிள்ளையின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தார். வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுக்கப் போனார்.

பிரேமளா எழுந்தார். குருக்களின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ. எல்லாரும் இருங்கோ. இது இன்னும் முடியேல்லை."

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ரூபேந்திரன் மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தார்.